நியூயார்க்கின் கோடுகளை வரைந்த அகதி: ஜோசப் ஃபிரான்சுவா மான்ஜின் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மான்ஜின் யார்? ஏன் அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்?

ஜோசப் ஃபிரான்சுவா மான்ஜின் 1758-இல் பிரான்சின் லொரேன் பகுதியில் பிறந்தவர். கட்டடக் கலைஞர், நில அளவையாளர், கோட்டைப் பொறியாளர் என்று மூன்று வேலையும் பார்த்தவர். நியூயார்க் நகர மன்றக் கட்டடமான சிட்டி ஹால் இரண்டு நூற்றாண்டு தாண்டியும் அதே வேலைக்குப் பயன்படுகிறது. அதன் வடிவமைப்புப் போட்டியில் வென்ற இருவரில் இவர் ஒருவர். மன்ஹாட்டனின் தென்பகுதித் தெருக்கள் பல, இவர் 1799-இல் வரைந்து கொடுத்த வரைபடத்தின் போக்கிலேயே ஓடுகின்றன. இருந்தும் அந்தக் கட்டடத்தின் அடிக்கல்லில் இவர் பெயர் இல்லை. வரைபடத்தையோ நகர மன்றமே தள்ளி வைத்தது.

இவர் திறமை குறைந்தவர் என்பதால் பெயர் மறையவில்லை. அக்கால அமெரிக்காவில் கட்டட வேலை எப்படிக் கிடைத்தது, கூலி யார் கைக்குப் போனது, தளத்தில் நின்றவர் யார் என்பதைப் பார்த்தால் காரணம் புரியும்.

எப்படி அமெரிக்கா வந்து சேர்ந்தார்?

கரீபியக் கடலில் உள்ள செயின்ட் டொமிங்கோ வழியாக. இன்றைய ஹைட்டிதான் அது. அப்போது பிரான்சின் மிகச் செல்வம் கொழித்த குடியேற்றம். கரும்புத் தோட்டங்களும் அடிமை உழைப்பும் சேர்த்த செல்வம் அது. 1791 ஆகஸ்டில் அடிமைப்பட்டிருந்த மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1793 ஜூனில் கேப் ஃபிரான்சே நகரம் தீக்கிரையானது. ஆயிரக்கணக்கானோர் கப்பல் ஏறி நார்ஃபோக், பால்டிமோர், பிலடெல்பியா, நியூயார்க், சார்ல்ஸ்டன் துறைமுகங்களில் இறங்கினார்கள். அந்த அலையில் வந்தவர்தான் மான்ஜின். சார்ல்ஸ் என்ற தம்பியும் நியூயார்க்கில் அவரோடு சேர்ந்து வேலை பார்த்தார்.

கையில் ஒன்றுமில்லாமல் வந்த ஒரு கட்டடக் கலைஞர் அங்கே வேலை தேடியது எப்படி?

முதல் வழி இராணுவ வேலை. இங்கிலாந்தோடு போர் வரலாம் என்ற அச்சத்தில் 1794-இல் துறைமுகங்களுக்கு அரண் கட்ட அமெரிக்க அரசு முடிவு செய்தது. பொறியியல் பயிற்சி பெற்ற உள்நாட்டவர் மிகக் குறைவு. ஆகவே பிரெஞ்சுப் பொறியாளர்களுக்குக் கதவு திறந்தது. மான்ஜினும் நியூயார்க் துறைமுக அரண் வேலையில் சேர்ந்தார். அங்கே கிடைத்த அறிமுகங்கள், அதிலும் அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் வட்டாரத்தின் அறிமுகம், பிற்பாடு உதவியது. அதுவே பிற்பாடு சிக்கலும் ஆனது.

இரண்டாவது, நகராட்சியின் சர்வேயர் பட்டியலில் இடம் பிடிப்பது. மூன்றாவது, பத்திரிகையில் அறிவிக்கப்படும் வடிவமைப்புப் போட்டிகள். நான்காவது, நிலம் வாங்கி ஊர் உருவாக்க நினைக்கும் வணிகர்களிடம் போவது. உள்ளூர்க் கொத்தனார் மேஸ்திரி ஒருவரோடு கூட்டுச் சேர்வது ஐந்தாவது வழி. மான்ஜின் இவற்றில் பலவற்றையும் செய்து பார்த்தார்.

கட்டடக் கலைஞர் என்ற பெயர்ப் பலகையை மட்டும் நம்பி அங்கே யாரும் பிழைக்க முடியவில்லை. வீடு கட்ட நினைப்பவர் நேரே தச்சரிடமோ கொத்தனாரிடமோ போவார். அவர் ஒரு மாதிரிப் புத்தகத்தைப் புரட்டி, பழக்கமான அமைப்பில் கட்டித் தருவார். வரைவதற்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டும் என்ற எண்ணமே மக்களிடம் இல்லை.

குடியுரிமை வேண்டியிருந்ததா?

அரசு சார்ந்த வேலையில் நிலைக்க அது பெரிய உதவி. 1790-ஆம் ஆண்டுச் சட்டப்படி 2 ஆண்டு வசித்தால் போதும். 1795-இல் அதை 5 ஆண்டாக்கினார்கள். பிரான்சோடு பகை முற்றிய 1798-இல் 14 ஆண்டாக நீட்டினார்கள். 1802-இல் மீண்டும் 5. ஒருவர் எந்த ஆண்டு கரையிறங்கினார் என்பதே அவர் எதிர்காலத்தைத் தீர்மானித்தது. நகர அளவில் 'ஃப்ரீமேன்', அதாவது நகர உரிமை பெற்றவர், என்ற பதிவும் இருந்தது. மான்ஜின் அதை 1796-இல் பெற்றார். இந்தச் சட்டங்கள் வெள்ளையருக்கு மட்டுமே என்பதையும் சொல்லியாக வேண்டும். அதே தீவிலிருந்து அதே கப்பல்களில் வந்த கறுப்பின மக்களுக்கு இந்தக் கதவு திறக்கவே இல்லை.

நகர சர்வேயர் என்றால் என்ன வேலை?

மாதச் சம்பளப் பதவி என்று நினைத்துவிட வேண்டாம். அங்கீகாரம் பெற்ற பலரில் ஒருவர். மன்றம் ஒரு வேலையைக் கொடுத்தால் அதற்கு மட்டும் கூலி.

தெருவின் இரு ஓரக் கோடுகளை நிறுத்துவது ஒரு வேலை. தெருவின் மட்டத்தை நிர்ணயிப்பது இன்னொன்று. எந்த மேட்டை எத்தனை அடி வெட்ட வேண்டும், எந்தப் பள்ளத்தை எவ்வளவு நிரப்ப வேண்டும், மழை நீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று ரசமட்டம் வைத்துக் குறிக்க வேண்டும். இதில்தான் சண்டை அதிகம். தெரு மட்டம் 4 அடி உயர்ந்தால் ஏற்கனவே கட்டிய வீட்டின் வாசல் குழிக்குள் போய்விடும். 4 அடி தாழ்ந்தால் அஸ்திவாரம் வெளியே தெரியும். சர்வேயர் வரைந்த ஒரு கோட்டால் ஒருவருக்கு இலாபம், அடுத்தவருக்கு நட்டம்.

தண்ணீருக்கு மேலும் கோடு போட வேண்டியிருந்தது. 1686, 1731 ஆண்டுகளின் சாசனங்கள் வழியாகக் கரையோர நீர்ப்பரப்பு நகராட்சியின் உடைமை ஆகியிருந்தது. அதைத் துண்டு துண்டாக வணிகர்களுக்குக் கொடுத்தார்கள். வாங்கியவர் மரத்தடிகளைக் கூண்டு போல அடுக்கி, கல்லைப் போட்டு மூழ்கடித்து, மேலே மண்ணும் குப்பையும் கொட்டி நிலமாக்க வேண்டும். ஓரத்தில் தெருவும் படகுத்துறையும் விட வேண்டும். 1798-இல் வந்த சட்டம் ஆற்றோரமாக 70 அடி அகலத்தில் வெளிவட்டத் தெருக்கள் அமைக்க வழி செய்தது. இன்றைய சவுத் ஸ்ட்ரீட், வெஸ்ட் ஸ்ட்ரீட் அதிலிருந்து வந்தவை. அலையடிக்கும் இடத்தில் நாளைய தெருவைக் குறிக்க, கரையில் இரண்டு நிலையான புள்ளிகளை வைத்துக்கொண்டு கோணம் பார்த்து நீட்டுவார்கள். புள்ளிகள் நெருக்கமாக இருந்தால் கரையில் செய்த ஒரு அங்குலப் பிழை நீருக்குள் பல அடியாக விரியும்.

எந்தச் சங்கிலியால் அளந்தார்கள்? நம் ஊர் அளவுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. அதே கண்டர் சங்கிலிதான். நீளம் 66 அடி, 100 கண்ணி. ஒரு கண்ணி 7.92 அங்குலம். 80 சங்கிலி ஒரு மைல். 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர், அதாவது 1,00,000 சதுரக் கண்ணி. அதில் நூறில் ஒரு பங்கான 1,000 சதுரக் கண்ணிதான் நாம் சொல்லும் ஒரு சென்ட், 435.6 சதுர அடி. பழைய புலப்படங்களில் 'லிங்க்ஸ்' கணக்கைப் பார்த்தவர்களுக்கு மான்ஜின் காலத்து நியூயார்க் அளவைக் குறிப்பேடு அந்நியமாகத் தெரியாது. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் மைக்கேல் டாப்பிங் சர்வே பள்ளியைத் தொடங்கியதும் 1794-இல்தான். இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர் அது.

காட்டுப் பகுதியிலும் மேடு பள்ளத்திலும் 33 அடி அரைச் சங்கிலியை அமெரிக்கர்கள் அதிகம் விரும்பினார்கள். தூக்கிப் பிடிக்க எளிது, தொய்வு குறைவு.

சங்கிலி பிடிப்பது எப்படி? எங்கே தவறும்?

இரண்டு பேர் வேண்டும். முன்னால் போகிறவர் கையில் இரும்பு ஊசிகள் இருக்கும். பின்னால் நிற்பவர் சங்கிலியின் கைப்பிடியைத் தொடக்கப் புள்ளியில் பிடித்துக்கொண்டு, தொலைவில் நட்ட கம்பத்தோடு முன்னவரை நேர்ப்படுத்துவார். இழுத்துப் பிடித்ததும் முன்னவர் ஓர் ஊசியைக் குத்துவார். இருவரும் நகர்வார்கள். பின்னவர் அந்த ஊசியைப் பிடுங்கி வைத்துக்கொள்வார். அவர் கையில் 10 சேர்ந்தால் 660 அடி. அப்போது நின்று எண்ணிப் பார்த்து, ஏட்டில் குறித்து, ஊசிகளைத் திருப்பிக் கொடுப்பார்.

மிகக் கெட்ட பிழை ஒரு முழுச் சங்கிலியை எண்ண மறப்பது. வரைந்து பார்க்கும்போது உருவம் மூடாது என்பதால் இது பெரும்பாலும் பிடிபட்டுவிடும். பிடிபடாமல் போவது தேய்மானம். கண்ணிகளுக்கு நடுவே உள்ள வளையங்கள் ஒன்றையொன்று உரசித் தேய்கின்றன. வாய் திறந்த வளையங்கள் இழுக்க இழுக்க விரிகின்றன. ஒவ்வொரு இடத்திலும் மயிரிழைதான், ஆனால் நூறு கண்ணிக்கும் சேர்த்தால் எளிதில் 3 அங்குலம் வந்துவிடும். 66 அடிக்கு 3 அங்குலம் என்றால் ஒரு மைலுக்கு 20 அடி. சங்கிலி நீண்டுவிட்டால் அளவு குறைவாகக் காட்டும். 5,300 அடி நிலத்தை 5,280 அடி என்று எழுதிவிடுவார்கள். 5 ஏக்கர் என்று பிரித்துக் கொடுத்த மனையில் சுமார் 3.8 சென்ட் கூடுதலாகப் போயிருக்கும். எல்லாத் திசையிலும் ஒரே விகிதத்தில் தவறுவதால் உருவம் அழகாக மூடிக்கொள்ளும். வரைபடத்தை மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. அதனால்தான் ஒரு தரையிலோ சுவரிலோ நிலையான 66 அடி அளவைக் குறித்து வைத்து, வேலைக்குப் போகுமுன் சங்கிலியை அதில் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

சரிவு அடுத்த தொல்லை. சரிவோடு சங்கிலியைக் கிடத்தி அளந்தால் தூரம் கூடுதலாக வரும். 66 அடிக்குள் தரை 10 அடி ஏறினால் கிடைமட்டத் தூரம் 65 அடி 3 அங்குலம்தான். சங்கிலிக்கு 9 அங்குலம் பிழை. ஆகவே சங்கிலியைப் பாதியாகவோ காலாகவோ பிரித்து, மட்டமாகத் தூக்கிப் பிடித்து, முனையிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, படி இறங்குவது போல அளக்க வேண்டும். மன்ஹாட்டன் அன்று குன்றும் பாறையும் சதுப்புமான தீவு. இன்றைய தட்டையான தெருக்களை வைத்து அன்றைய வேலையை மதிப்பிடுவது அநியாயம்.

திசையை எப்படிப் பார்த்தார்கள்?

முக்காலி அல்லது ஒற்றைக் கம்பத்தின் மேல் பொருத்திய திசைகாட்டியால். இருபுறமும் பார்வைத் துளை கொண்ட தகடுகள் நிற்கும். காந்த முள் உண்மை வடக்கைக் காட்டாது, காட்டும் விலக்கமும் ஆண்டுக்கு ஆண்டு நகரும். முப்பது ஆண்டுக்கு முந்தைய பத்திரத்தில் உள்ள திசையை அப்படியே எடுத்து இன்று கோடு போட்டால் அடுத்தவன் தோட்டத்துக்குள் போய்விடும். ஒரு பாகை பிழை, ஒரு மைல் முடிவில் 92 அடி.

ஊருக்குள் இன்னொரு எதிரி இரும்பு. துறைமுக நங்கூரம், கடை வாசல் கம்பி, ஏன், காலடியில் கிடக்கும் அளவைச் சங்கிலியே முள்ளை இழுக்கும். மாற்று எளியது. ஒவ்வொரு கோட்டையும் முன்னிருந்து ஒருமுறை, மறுமுனையிலிருந்து திரும்பி ஒருமுறை பார்க்க வேண்டும். இரண்டும் சரியாக 180 பாகை மாறுபட்டால் நல்லது. இல்லையென்றால் இரண்டில் ஓர் இடத்தில் இரும்பு இருக்கிறது.

1797 வரைபட வேலை எப்படிக் கிடைத்தது?

நியூயார்க்குக்குச் சரியான தெரு வரைபடம் இல்லை. 1797-இல் மன்றம் அளவை ஒன்று வேண்டும் என்றது. காசிமிர் கோர்க், மான்ஜின் இருவரும் தனித்தனியாக விண்ணப்பித்து, பிறகு ஒன்று சேர்ந்தார்கள். கோர்க்கும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்தான். ஆனால் ரூஸ்வெல்ட் குடும்பத்தில் பெண் எடுத்து நகரத்தில் நன்றாக வேரூன்றியவர். தீவின் நடுவிலிருந்த நகராட்சிப் பொது நிலத்தை 1785-இலும் 1796-இலும் அளந்து 5 ஏக்கர் மனைகளாகப் பிரித்தவர் அவர்.

மான்ஜினுக்கு இந்தக் கூட்டு மிகப் பொருத்தமானது. ஒருவரிடம் வரையும் கை, மற்றவரிடம் ஊரின் நம்பிக்கை. அது நீடிக்கவில்லை. 1798-இல் மஞ்சள் காய்ச்சல் நகரத்தைத் தாக்கியது. சுமார் 2,000 பேர் இறந்தார்கள். கோர்க்கும் இறந்தார். மிச்ச வேலையை மான்ஜின் ஒற்றை ஆளாக முடித்து, 1799-இல் வரைவைக் கொடுத்தார். பீட்டர் மேவரிக் அதைத் தகட்டில் செதுக்க, அச்சுப்படி 1803-இல் மன்றத்துக்கு வந்தது.

மன்றம் அந்த வரைபடத்தை ஏன் நிராகரித்தது?

கேட்டது இருக்கிற நகரத்தின் படம். அவர் கொடுத்தது இருக்கப்போகிற நகரத்தின் படம். அவரே மன்றத்துக்கு அப்படித்தான் எழுதினார். இன்னும் வயலாகவும் தோட்டமாகவும் கிடந்த பேயார்ட், டிலான்சி குடும்பங்களின் நிலங்களில் ஏற்கனவே போட்டிருந்த கட்டத் தெருக்களை எடுத்து வடக்கே நீட்டினார். வெவ்வேறு சாய்வில் வரும் கட்டங்கள் சந்திக்கும் இடத்தைப் பொருத்தினார். கோணல்மாணலான கரையோரத்தை நேராக்கி, தீவின் தென்முனையை நிலம் நிரப்பி அகலப்படுத்தினார்.

நான்கு ஆண்டு இதை யாரும் குற்றமாகச் சொல்லவில்லை. மன்றமே இதைப் புதிய வரைபடம் என்று ஏற்று, சந்தா சேர்த்து விற்கவும் தொடங்கியது. பிறகுதான் தெரு ஆணையர் ஜோசப் பிரவுன், படத்தில் பிழைகள் உள்ளன, ஒப்புதல் இல்லாத தெருக்கள் உள்ளன என்று அறிக்கை கொடுத்தார். பிரவுன் ஆரன் பர்ரின் உறவினர். பர், ஹாமில்டனின் அரசியல் எதிரி. அதோடு 1802 சிட்டி ஹால் போட்டியில் பர் ஆதரித்த கட்டடக் கலைஞர் பெஞ்சமின் லட்ரோப் தோற்று, மான்ஜின் கூட்டணி வென்றிருந்தது. அந்தப் புகைச்சல்தான் அறிக்கைக்குப் பின்னால் இருந்தது என்று வரலாற்றாசிரியர்கள் ஊகிக்கிறார்கள்.

விற்ற படிகளைத் திரும்ப வாங்கவும், இனி விற்கும் படிகளில் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டவும் மன்றம் உத்தரவிட்டது.

பிரவுன் சொன்னதில் ஓர் உண்மையும் இருக்கிறது. அளந்து வரைந்த கோட்டையும் கற்பனைக் கோட்டையும் ஒரே மையில், ஒரே தடிமனில் போட்டால், மனை வாங்குபவர் இரண்டையும் ஒன்றாகவே நம்புவார். நடைமுறையில் உள்ளதை முழுக்கோடாகவும் முன்மொழிவைப் புள்ளிக்கோடாகவும் காட்டியிருந்தால் எதிரிகளுக்குப் பிடி கிடைத்திருக்காது. இன்றைய மனைப்பிரிவு வரைபடங்களுக்கும் இது பொருந்தும்.

நிராகரித்த படம் எப்படி நகரத்தின் உருவமானது?

வேறு படம் இல்லையே! அறிக்கை வந்த மறுநாளும் மனைகள் விற்றன, தெருக்கள் திறந்தன. எந்த நிலவுடைமையாளரும் பக்கத்துத் தெருவோடு தன் தெருவை இணைக்கத்தான் பார்ப்பார்; இணைப்பைக் காட்டியது மான்ஜின் படம் ஒன்றே. பெயரைச் சொல்லாமலே எல்லோரும் அதைப் பின்பற்றினார்கள். பவரி சாலைக்குக் கிழக்கே உள்ள லோயர் ஈஸ்ட் சைடில் நடந்தால் அது தெரியும்.

1811-இன் புகழ்பெற்ற கட்டத் திட்டம் இவருடையதா?

இல்லை. 1807-இல் மாநில அரசு கவர்னர் மோரிஸ், ஜான் ரதர்ஃபர்ட், சிமியன் டி விட் என்ற மூவர் ஆணையத்தை அமைத்தது. முதல் ஆளின் பெயரே கவர்னர்; பதவியல்ல. அளவை செய்தவர் ஜான் ராண்டல். 12 அவென்யூக்கள், 155 குறுக்குத் தெருக்கள். அவென்யூ 100 அடி, சாதாரணத் தெரு 60 அடி. ஐந்தாம் அவென்யூ, கோர்க் பொது நிலத்தில் போட்ட நடுச் சாலையின் மேலேயே அமைந்தது. ஆணையத்தின் திட்டம் பெரும்பாலும் ஹூஸ்டன் தெருவுக்கு வடக்கேதான் தொடங்குகிறது. தெற்கே பெருமளவு ஏற்கனவே மான்ஜின் கோட்டில் போய்விட்டது.

சட்டமும் வேறு. ஆணையத்துக்குத் தெருக்களை இறுதியாகத் தீர்மானிக்கும் அதிகாரத்தைச் சட்டமன்றம் கொடுத்திருந்தது. ராண்டல் பிறகு சந்திப்புகளில் 1,549 சலவைக்கல் எல்லைக் கற்களும், பாறையில் 98 இரும்பு ஆணிகளும் பதித்தார். மான்ஜினிடம் இருந்தது ஒரு படம் வரையும் ஒப்பந்தம் மட்டுமே. கல் நடும் அதிகாரம் இல்லாத கோட்டை எவரும் மறுக்கலாம்.

சிட்டி ஹால் போட்டியில் என்ன நடந்தது?

1802-இல் மன்றம் அறிவித்த பரிசு 350 டாலர். 26 வடிவமைப்புகள் வந்தன. அக்டோபர் 4 அன்று மான்ஜின், ஜான் மெக்கோம்ப் இருவரும் சேர்ந்து கொடுத்ததைத் தேர்ந்தெடுத்தார்கள். மெக்கோம்ப் 1763-இல் நியூயார்க்கிலேயே பிறந்தவர், கட்டுமானக் குடும்பம். கேப் ஹென்றி, மொன்டாக் கலங்கரை விளக்கங்களைக் கட்டியவர். ஹாமில்டனின் வீட்டையும் அவரே வடிவமைத்தார். செலவு மதிப்பீடு, கல் கொள்முதல், ஆள் பிடிப்பு அவருக்குக் கைவந்த கலை. தோற்ற லட்ரோப் கொதித்துப்போய், நியூயார்க் செங்கல் கொத்தனாரும் செயின்ட் டொமிங்கோ பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து செய்த கலவை என்று கடிதத்தில் இகழ்ந்தார். அவரும் இங்கிலாந்திலிருந்து 1796-இல் வந்து இறங்கியவரே.

அடிக்கல்லில் மான்ஜின் பெயர் ஏன் இல்லை?

வென்ற பிறகு செலவைப் பார்த்து மன்றம் மிரண்டது. சிறிதாக்கச் சொன்னார்கள். வரைபடத்தைத் திருத்தி, செலவைக் குறைத்து, மன்றத்தோடு பேசி ஒப்பேற்றியது மெக்கோம்ப். 1803 மார்ச்சில் மன்றம் அவரை மேற்பார்வையாளராக நியமித்தது. நாளொன்றுக்கு 6 டாலர். மான்ஜினுக்கு இடம் இல்லை. மே 26 அன்று மேயர் எட்வர்ட் லிவிங்ஸ்டன் அடிக்கல் நாட்டியபோது, கட்டடக் கலைஞர் என்று கல்லில் இருந்தது மெக்கோம்ப் பெயர் மட்டும். அதே 1803-தான் வரைபடமும் அடிவாங்கிய ஆண்டு.

வடிவமைப்புக்கு ஒருமுறை பரிசு, மேற்பார்வைக்கு நாள் கூலி என்ற இந்த முறையே பெயரைப் பறித்தது. கட்டடம் முடிய 1812 ஆயிற்று. ஒன்பது ஆண்டு தினமும் தளத்தில் நின்றவரை ஊர் பார்த்தது. மேசையில் வரைந்தவரை ஊர் பார்க்கவில்லை.

செலவுக் குறைப்பின் தடம் வெகுகாலம் வெளியே தெரிந்தது. முன்புறமும் பக்கங்களும் மாசசூசெட்ஸ் வெஸ்ட் ஸ்டாக்பிரிட்ஜ் சலவைக்கல். பின்புறம் மலிவான பழுப்புக்கல். சலவைக்கல் நாளடைவில் அரித்துப்போனது. 1950-களின் நடுவில் முழுவதையும் அலபாமா சுண்ணாம்புக்கல்லால் மறுபடி போர்த்தினார்கள்.

வடிவமைப்பு அவருடையதுதான் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

கட்டடத்தையே சாட்சியாக வைத்து. முகப்பு பதினாறாம் லூயி காலப் பிரெஞ்சுப் பாணியில் இருக்கிறது: நடுப்பகுதி, இரு பக்கம் முன்னே நீளும் சிறகுகள், மெல்லிய தூண்கள், செதுக்கிய தொங்கல் மாலைகள். மெக்கோம்ப் தனியாகச் செய்த வேலைகள் எதிலும் இந்தக் கை தெரியாது. அவை எளிய ஆங்கிலச் சாயல் கொண்டவை. உட்புறத்தின் பல நுணுக்கங்களில் மெக்கோம்பின் கை இருக்கிறது. கட்டி முடித்த பெருமை முழுக்க அவருடையது. இருவர் பெயரும் இருந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்பது.

இவரைப் போல வேறு யார்?

எட்டியேன் சுல்பிஸ் அலே பாரிசைச் சேர்ந்தவர். 1792-இல் வாஷிங்டன் கேப்பிடல் கட்டடத்துக்குப் போட்டி அறிவித்தார்கள்; பரிசு 500 டாலரும் ஒரு மனையும். வென்றவர் வில்லியம் தார்ன்டன், தொழிலால் மருத்துவர். அவர் படத்தைக் கட்டக்கூடியதாக மாற்றும் வேலை அலேவுக்கு வந்தது. அஸ்திவாரத்தில் தன் அமைப்பைப் புகுத்தினார் என்று 1794 நவம்பரில் நீக்கினார்கள். அடுத்து வந்த ஆங்கிலேயர் ஜார்ஜ் ஹாட்ஃபீல்டும் 1798-இல் போய்விட்டார். வாஷிங்டன் நகரத்தையே திட்டமிட்ட லான்ஃபான் 1792-இல் வெளியேறி, 1825-இல் வறுமையில் இறந்தார்.

பியேர் ஃபாரூ என்ற பாரிஸ் கட்டடக் கலைஞர் 1793-இல் வந்து, நியூயார்க் மாநிலத்தின் வடக்கே காஸ்டர்லாந்து என்ற பிரெஞ்சுக் குடியேற்றத்துக்காகக் காட்டை அளந்தார். 1795-இல் பிளாக் ஆற்றில் மூழ்கி இறந்தார். அங்கே அவரோடு அளவை செய்த இளைஞர் மார்க் ப்ரூனெல் 1799-இல் இங்கிலாந்து போய், பிற்பாடு தேம்ஸ் ஆற்றின் அடியில் சுரங்கம் போட்டார்.

மான்ஜினின் மற்ற வேலைகள்?

கிரீன்விச் பகுதியில் 1797-இல் திறந்த நியூகேட் மாநிலச் சிறை அவருடையது என்பர், இன்று இல்லை. 1798-இல் திறந்த பார்க் தியேட்டரைச் சிலர் மான்ஜின் சகோதரர்களுக்கும், சிலர் ப்ரூனெலுக்கும் உரியதாகச் சொல்கிறார்கள். கலெக்ட் குளத்தைக் கால்வாய்களால் ஆறுகளோடு இணைக்கலாம் என்றும் சகோதரர்கள் 1790-களில் யோசனை சொன்னார்கள். சுமார் 48 ஏக்கர், ஆழமான இடத்தில் 60 அடி கொண்ட நன்னீர்க் குளம் அது. தோல் பதனிடும் கழிவால் நாறிக் கிடந்தது. மன்றம் கேட்கவில்லை. மண்ணைக் கொட்டி மூடினார்கள். வடிகால் இல்லாத நிரப்பு நிலம் உள்வாங்கி, மேலே கட்டிய வீடுகள் சாய்ந்து, அந்த இடம் பிற்பாடு ஃபைவ் பாயிண்ட்ஸ் என்ற வறிய குடியிருப்பானது.

தப்பிய பெரிய வேலை பழைய செயின்ட் பேட்ரிக் பேராலயம். 1809-இல் அடிக்கல், 1815-இல் அர்ச்சிப்பு. கோதிக் கூர்வளைவுகளைக் கொண்ட பெரிய தேவாலயம் அந்த நகரத்துக்கு அப்போது புதுமை. 1866 தீயில் உட்புறம் போயிற்று. சுவர்கள் நின்றன, 1868-இல் மீண்டும் திறந்தார்கள்.

பதிவேடுகளில் இப்படிப்பட்டவர்களைத் தேடுவது எப்படி?

பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடாதீர்கள். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். மான்ஜின் என்பதன் முதல் உயிரெழுத்தையும் கடைசி அசையையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். அண்ணன் தம்பி இருந்தால் முதற்பெயர் இல்லாத பதிவு யாருடையது என்று அவசரப்பட்டு முடிவு செய்ய வேண்டாம்.

கடிதங்களைவிடப் பணம் கொடுத்த பதிவு உறுதியானது. 1784 முதல் 1831 வரையிலான நியூயார்க் மன்றக் கூட்டக் குறிப்புகள் அச்சில் உள்ளன. எந்த நாளில், எந்த வேலைக்கு, எவ்வளவு என்று அதில் இருக்கும். பழைய தொகைகளில் பவுண்டு வந்தால் அது இங்கிலாந்துப் பவுண்டு அல்ல. நியூயார்க் கணக்கில் ஒரு டாலருக்கு 8 ஷில்லிங், ஆகவே ஒரு பவுண்டு இரண்டரை டாலர். இதைக் கவனிக்காமல் கூலியை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி எழுதிவிடுகிறார்கள்.

வரைபடத்தில் பெயர் இருப்பதும் இல்லாததும் மட்டும் போதாது. தாளின் ஓரம் வெட்டப்பட்டதா, கையெழுத்தும் எழுத்து வடிவமும் ஒரே கையா என்று பாருங்கள்.

இன்று போனால் எதைப் பார்க்கலாம்?

சிட்டி ஹாலை முன்புறப் பூங்காவிலிருந்து பாருங்கள். பிறகு வடக்கே நடந்து மல்பெரி, பிரின்ஸ் தெரு முனையில் பழைய பேராலயச் சுவரைப் பாருங்கள். அங்கிருந்து கிழக்கே ஆற்றை நோக்கிப் போனால் டிலான்சி தெருவின் முடிவருகே, அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே, மான்ஜின் ஸ்ட்ரீட் என்ற துண்டுத் தெரு இருக்கிறது. அதற்கு இணையாக ஓடிய கோர்க் ஸ்ட்ரீட்டை அந்தக் குடியிருப்புகள் கட்டியபோது மூடிவிட்டார்கள்.